‘உருகவே உருகாத அணு உலை’ என்று ஒன்று இருக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். புதிய வகை அணு உலைகள் உருகவே உருகாது, வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாலும் தானாகவே அடங்கிவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம், அது உண்மையா என்பது ஒன்று. உண்மை என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய உலைகளை ஏன் அப்படி மாற்றவில்லை என்பது இன்னொன்று. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், உலை உருகுவது என்றால் தொடர்வினை (ஓர் அணு பிளந்து வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்த அணுவைப் பிளக்கும் சங்கிலி) கைமீறிப் போவது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். நான் 20 வருடத்துக்கு மேல் உலை மையத்தின், அதாவது எரிபொருள் அடுக்கியிருக்கும் நடுப்பகுதியின், வெப்பக் கணக்குப் போடுகிற வேலையில் இருந்தவன். தண்ணீர், நீராவி, வெப்பம் பற்றிச் சொல்வது என் சொந்த அனுபவம். உலோகங்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அந்தத் துறைக்காரர்களோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தொடர்வினையை நிறுத்துவது பெரிய பிரச்சினையே இல்லை. தண்ணீரை அழுத்தத்தில் கொதிக்கவிடாமல் வைத்துக் குளிர்விக்கும் ‘அழுத்த நீர் உலை’ ஒன்றில், நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களைப் பிடித்திருக்கும் மின்காந்தத்துக்கு மின்சாரம் போனாலே போதும், கோல்கள் தம் எடையிலேயே இரண்டு மூன்று வினாடிகளில் மையத்துக்குள் விழுந்துவிடும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலம் ஆடியதுமே, ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் தொடர்வினை சரியாகத்தான் நின்றது. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவிலும் விபத்து தொடங்கிய சில வினாடிகளிலேயே நின்றுவிட்டது. இருந்தும் நான்கு மையங்களும் உருகின. காரணம் சிதைவு வெப்பம். யுரேனியம் பிளந்ததில் உண்டான துண்டுகள் கதிரியக்கத்தால் தொடர்ந்து சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும், அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது. 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலை ஒன்றை நிறுத்திய மறுகணம் 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து சுமார் 40, ஒரு நாள் கழித்தும் சுமார் 15. இந்த 15 மெகாவாட்டை வெறுமனே தண்ணீரைக் கொதிக்கவைத்தே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 20 டன் தண்ணீர் வேண்டும். உலை நின்று ஒரு நாள் ஆன பிறகும் மணிக்கு இரண்டு லாரித் தண்ணீர், ராத்திரி பகல் பாராமல், வாரக்கணக்கில். உலைப் பாதுகாப்பு என்று நாங்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி இந்தத் தண்ணீரைப் பற்றியதுதான்.

செர்னோபில் மட்டும் வேறு கதை, அங்கே உண்மையிலேயே தொடர்வினைதான் கைமீறியது. வேகம் குறைந்த நியூட்ரான்கள்தான் யுரேனியத்தை எளிதில் பிளக்கும். அந்த வகை உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் வேலையை கிராஃபைட் செய்தது, தண்ணீர் குளிர்விக்க மட்டும். தண்ணீர் நியூட்ரான்களைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும் என்பதால், அது கொதித்து ஆவியாகும்போது விழுங்குவது குறைந்து ஆற்றல் கூடும், ஆற்றல் கூடினால் இன்னும் கொதிக்கும். போதாக்குறைக்கு, கட்டுப்பாட்டுக் கோல்களின் கீழே கிராஃபைட் பகுதி ஒன்று தொங்கியது. மேலே முழுக்க இழுத்து வைத்திருந்த கோல்களை அவசரமாக இறக்கியபோது, அந்த கிராஃபைட் அடியிலிருந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இறங்கி, முதல் சில வினாடிகள் ஆற்றலைக் கூட்டியது. நிறுத்தும் பொத்தானே வேகத்தைக் கூட்டிய கொடுமை. கோல்கள் முழுக்க இறங்க 18 வினாடிக்கு மேல் ஆகும் என்பது வேறு. விபத்துக்குப் பிறகு அதே வகை உலைகளில் எரிபொருளின் செறிவை (எளிதில் பிளக்கும் யுரேனியம்-235இன் பங்கை) 2 சதவீதத்திலிருந்து 2.4க்கு ஏற்றி, மையத்தில் கூடுதல் உறிஞ்சிகளை வைத்து, கோல்களைத் திருத்தி, சில வினாடிகளில் நிறுத்தும் தனி அமைப்பையும் சேர்த்தார்கள். சாதாரண நீர் உலைகளில் இந்தக் குணம் தலைகீழ்: அங்கே வேகத்தைக் குறைப்பதும் தண்ணீரே என்பதால், அது ஆவியானால் வினை தானாகவே மங்கும்.

அதைவிட அழகான ஒன்று எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. யுரேனியம்-238 சூடாகும்போது அதன் அணுக்கள் அதிகம் அதிர்கின்றன, அதனால் முன்பைவிட அகலமான ஆற்றல் வரம்பில் நியூட்ரான்களைப் பிடிக்கின்றன, தொடர்வினைக்குக் கிடைப்பவை குறைந்து ஆற்றல் இறங்குகிறது. டாப்ளர் விளைவு என்போம். சென்சார், கம்பி, கணினி எதுவும் நடுவில் இல்லை. வெப்பம் ஏறிய அதே கணத்தில் அதே இடத்தில் வேலை செய்யும், யாராலும் அணைத்துவைக்க முடியாது. நல்ல மைய வடிவமைப்பு என்பது இப்படிப்பட்ட குணங்களைத் தேடிப் பிடித்து, அவை எல்லாம் ஒரே திசையில் இழுக்கும்படி எரிபொருளையும் தண்ணீரையும் அடுக்குவதுதான். இதெல்லாம் சந்தேகமில்லாத அறிவு, 1960களிலிருந்தே சோதித்துப் பார்த்தது.

சரி, உருகுவதற்கு வருவோம். பெரிய நீர் உலை ஒன்றில் சுமார் 50,000 எரிபொருள் கோல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் விரலைவிட மெலிது, 4 மீட்டர் நீளம், சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமனில் சிர்கோனியக் கலவை உறை. சிர்கோனியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது நியூட்ரான்களைக் கிட்டத்தட்ட விழுங்குவதே இல்லை என்பது. அதன் கெட்ட குணம், 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நீராவியோடு மூர்க்கமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும், கூடவே வெப்பத்தையும் தரும். ஒரு கட்டத்தில் சிதைவு வெப்பத்தைவிட இந்த வினையின் வெப்பமே பெரிதாகிவிடும். ஃபுகுஷிமாவில் கட்டடங்களின் கூரையைப் பிய்த்தெறிந்தது இந்த ஹைட்ரஜன்தான், அணுகுண்டு வெடிப்பு இல்லை.

இதற்குப் பதிலாக வந்ததுதான் விபத்தைத் தாங்கும் எரிபொருள். நடைமுறைக்கு மிக அருகில் இருப்பது சிர்கோனிய உறைமேல் பத்து இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்கு குரோமியப் பூச்சு. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவையில் முழு உறையையே செய்வது இரண்டாவது. சிலிக்கான் கார்பைடு உறை மூன்றாவது, தொலைவில் இருப்பது. முதல் இரண்டும் 2018, 2019 வாக்கில் அமெரிக்காவில் வணிக உலைகளிலேயே சோதனைக் கோல்களாக ஓடத் தொடங்கின. பூச்சு சாதாரண ஓட்டத்திலும் அரிப்பைக் குறைக்கும், உறை சிராய்வதையும் குறைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விபத்தில் எவ்வளவு உதவும் என்றால், விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. சுமார் 1330 டிகிரியில் குரோமியமும் சிர்கோனியமும் தொட்ட இடத்தில் ஒன்றோடொன்று கலந்து உருகத் தொடங்கிவிடும், அதோடு பூச்சின் வேலை முடிந்தது. தண்ணீர் திரும்பி வரப்போகிற விபத்தில் அது தரும் அவகாசம் மையத்தைக் காப்பாற்றிவிடலாம். தண்ணீர் வரவே போவதில்லை என்றால் உருகுவதைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இரும்புக் கலவை நியூட்ரான்களை விழுங்குவதால் உறையை மெலிதாக்கவோ எரிபொருளைச் செறிவாக்கவோ வேண்டியிருக்கிறது. சிலிக்கான் கார்பைடு வெப்பத்துக்கு அஞ்சாது, ஆனால் அது பீங்கான் குணமுள்ள பொருள். 4 மீட்டர் குழாயாகச் செய்து, முனையைக் காற்றுப் புகாமல் அடைத்து, விரிசல் விடாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பதுதான் இன்னும் தீராத தலைவலி.

அடுத்து, காணொளிகளில் அதிகம் அடிபடும் ‘பாஸிவ்’ பாதுகாப்பு. பம்ப், டீசல் ஜெனரேட்டர், ஆள் எதுவும் இல்லாமல், புவியீர்ப்பும் சூடான தண்ணீர் மேலே ஏறும் இயல்புமே குளிர்விக்கும்படி செய்வது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றுக்கு அழகாகக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மூத்த பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வால்வைத் தொட்டு, “மின்சாரம் போனால் இது எந்த நிலையில் நிற்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஃபுகுஷிமா முதல் உலையின் அறிக்கைகளைப் படித்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அந்த உலையில் பம்பே தேவைப்படாத குளிர்விப்பு அமைப்பு ஏற்கெனவே இருந்தது. உலையின் நீராவி மேலேயிருக்கும் தொட்டிக்குள் குழாய்களில் குளிர்ந்து தானாகவே திரும்பி வரும். வெப்பம் ரொம்ப வேகமாக இறங்கக்கூடாது என்ற விதிப்படி அதை விட்டுவிட்டு இயக்கிக்கொண்டிருந்தார்கள், சுனாமி வந்த நேரத்தில் அது நிறுத்திய நிலையில் இருந்தது. பேட்டரி மின்சாரமும் போனதும், குழாய் உடைந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்று அமைத்திருந்த தர்க்கச் சுற்று, மின்சாரம் போனதையே குழாய் உடைந்ததாக எடுத்துக்கொண்டு வால்வுகளுக்கு மூடச்சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கே இல்லை, அது ஓடுகிறதா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. சில மணி நேரத்தில் தண்ணீர் வற்றி மையம் வெளிப்பட்டு உருகியது. ஆக, இயற்கை விதி தவறாது, அந்த விதிக்கு வழிவிட வேண்டிய வால்வு தவறலாம்.

இன்றைய பெரிய உலைகளில் இந்தப் பாடத்தை ஓரளவு நன்றாகப் படித்த வடிவமைப்பு அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஏபி1000 (AP1000). அதில் மையத்தைக் காக்கும் முக்கிய வால்வுகள் மின்சாரமோ காற்றழுத்தமோ போனால் பாதுகாப்பான நிலைக்குத் தானே போகும், அல்லது பேட்டரியால் சிறு வெடிமருந்தைத் தூண்டித் திறக்கும். மையத்தின் வெப்பம் எஃகுக் காப்புக் கூட்டுக்குள் நீராவியாக எழுந்து, கூட்டின் சுவரில் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகக் கீழே வடியும்; கூட்டின் வெளிப்பக்கத்தில் உச்சித் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். 72 மணி நேரம் யாரும் எதையும் தொட வேண்டாம் என்பது கணக்கு. சீனாவின் சான்மெனில் 2018இல் முதலாவது ஓடத் தொடங்கியது. நல்ல வடிவமைப்புதான். ஆனால் 73ஆவது மணியில் யாராவது தொட்டியை நிரப்ப வேண்டும், அதைச் சொல்லாமல் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்வது பொய். மூன்று நாள் அவகாசம் சாதாரண விஷயமில்லை, ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் நடுவே கிடைத்தது முக்கால் மணி நேரம் சொச்சம்தான்.

அப்படியென்றால் உண்மையிலேயே ‘எழுந்து போய்விடலாம்’ என்று காட்டிய உலை இருக்கிறதா? இருக்கிறது. 1986 ஏப்ரல் 3 அன்று, செர்னோபிலுக்கு 23 நாள் முன்பு, அமெரிக்காவின் ஐடஹோவில் ஈபிஆர்-2 (EBR-II) என்ற, தண்ணீருக்குப் பதில் திரவ சோடியத்தால் குளிரும் சிறிய உலையில் வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தார்கள். முழு ஆற்றலில் ஓடும்போது, தானாக நிறுத்தும் அமைப்பை முடக்கிவிட்டு, பம்புகளை அணைத்தார்கள். சூடு சட்டென்று ஏறியது, மையம் விரிந்தது, விரிந்த மையத்திலிருந்து நியூட்ரான்கள் அதிகம் கசிந்தன, ஆற்றல் தானாக விழுந்தது. அதே நாள் வெப்பத்தை எடுத்துச்செல்லும் இரண்டாம் சுற்றையும் இதேபோல் துண்டித்துப் பார்த்தார்கள், மறுபடியும் தானாகவே அடங்கியது. எதுவும் கெடவில்லை. இதன் சூட்சுமம் உலோக எரிபொருள். அது வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் ஓடும்போதே அதிகம் சூடாக இருப்பதில்லை. சாதாரண உலைகளில் இருக்கும் ஆக்சைடு எரிபொருள் உள்ளே மிகச் சூடாக இருக்கும். ஆற்றல் விழுந்து அது குளிரும்போது மேலே சொன்ன டாப்ளர் விளைவு தலைகீழாக வேலை செய்து ஆற்றலை மறுபடி மேலே தள்ளப் பார்க்கும். நம் நண்பன் என்று சொன்ன அதே குணம் இந்த இடத்தில் எதிரி! அதனால் ஒரு உலையின் நல்ல பெயரை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஈபிஆர்-2 சின்ன உலை, வெப்ப ஆற்றல் 62.5 மெகாவாட்தான். பெரிய சோடியம் மையம் ஒன்றின் நடுவே சோடியம் கொதித்தால் ஆற்றல் கூடும் என்பது இன்றும் வடிவமைப்பாளர்களை உறுத்துகிற விஷயம். சோடியம் காற்றில் எரியும், தண்ணீரோடு மோதும் என்பது தனிக் கணக்கு. ஜப்பானின் மொஞ்சு என்ற சோடியம் உலை 1995 சோடியக் கசிவுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

இன்னொன்று சீனாவின் ஷிடாவ் விரிகுடாவில் இருக்கும் கூழாங்கல் உலை. எரிபொருளைக் கடுகைவிடச் சிறிய துகள்களாக்கி, ஒவ்வொரு துகளையும் கார்பன், சிலிக்கான் கார்பைடு அடுக்குகளால் மூடி, அப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை 6 சென்டிமீட்டர் கிராஃபைட் உருண்டைக்குள் வைக்கிறார்கள். இந்தத் துகள்கள் 1600 டிகிரி வரை கதிரியக்கப் பொருளை உள்ளேயே பிடித்துவைக்கும். 2023இல் ஆற்றலோடு ஓடிக்கொண்டிருந்த உலையில் குளிர்விப்பை நிறுத்திப் பார்த்தார்கள், வெப்பம் கிராஃபைட் வழியாகக் கடத்தப்பட்டு மையத்தைச் சுற்றியிருக்கும் எஃகுக் கலனின் சுவரிலிருந்து வெளியே போய்த் தானாகவே அடங்கியது. வணிக அளவிலான உலையில் இப்படிக் காட்டியது பெரிய விஷயம், நான் மனதாரப் பாராட்டுவேன். இதில் மந்திரம் எதுவும் இல்லை, அடர்த்திதான் ரகசியம். சாதாரண அழுத்த நீர் உலையில் ஒரு கன மீட்டர் மையத்திலிருந்து சுமார் 100 மெகாவாட் எடுக்கிறோம், இங்கே 3 சொச்சம். 4 மீட்டர் அகலக் கலனிலிருந்து அங்கே 3000 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் வரும். இங்கே அதைவிடப் பெரிய கலனிலிருந்து 250. பாதுகாப்பை எஃகாகவும் கிராஃபைட்டாகவும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இதிலும் நெருடல் உண்டு. ஜெர்மனியின் யூலிஷில் இருந்த பழைய கூழாங்கல் உலையில், மையத்தின் சூட்டை அளக்க உருகுகம்பி வைத்த உருண்டைகளை அனுப்பினார்கள். 1280 டிகிரியில் உருகும் கம்பிகூட சில உருண்டைகளில் உருகிப்போய் வந்தது, கணக்கு எதிர்பார்த்ததோ அதைவிட வெகு குறைவு. உருண்டுகொண்டே இருக்கும் குவியலுக்குள் தெர்மாமீட்டரை நிரந்தரமாக வைக்க முடியாது, இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அடுத்து, எரிபொருளை உருகிய உப்பில் கரைத்து ஓட்டும் ‘உருகிய உப்பு உலை’. எரிபொருளே திரவம் என்பதால் ‘உருகாது’ என்பது வார்த்தை விளையாட்டு, ஏற்கெனவே உருகித்தான் இருக்கிறது. 1965 முதல் 1969 வரை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஒன்று நன்றாகவே ஓடியது. அழுத்தம் இல்லை, சூடு எல்லை மீறினால் அடியில் உறைந்திருக்கும் உப்பு அடைப்பு இளகி, எல்லாம் கீழே தொட்டிக்கு வடிந்துவிடும். ஆனால் குழாய் உலோகத்தை உப்பு என்ன செய்யும், 30 வருடம் தாங்குமா என்ற கேள்விக்கு நான்கு வருட அனுபவத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஓக் ரிட்ஜிலேயே, யுரேனியம் பிளப்பதில் உண்டாகும் டெல்லூரியத்தால் உலோகத்தின் மேற்பரப்பில் நுண்விரிசல்களைப் பார்த்தார்கள்.

உருகிய பிறகு என்ன என்பதற்கும் புதுமைகள் இருக்கின்றன. ஈபிஆர் (EPR, மேலே சொன்ன ஈபிஆர்-2 இல்லை) என்ற ஐரோப்பிய உலையில், உருகியது கலனைத் துளைத்து விழுந்தால் அகன்ற தளத்தில் மெலிதாகப் பரவி, கீழிருந்தும் மேலிருந்தும் குளிர்வதற்குத் தனி அறையே இருக்கிறது. ரஷ்ய வகையில் கலனுக்கு அடியில் இரும்பு ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் நிரப்பிய பெரிய பாத்திரம். ஏபி1000 வேறு வழி: கலனைச் சுற்றித் தண்ணீரை நிரப்பி, உருகியதைக் கலனுக்குள்ளேயே பிடித்துவைப்பது. ஃபின்லாந்தின் லோவீசா போன்ற சிறிய உலைகளுக்கு இது நிற்கும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. உலை பெரிதாகப் பெரிதாகப் பாதுகாப்பு இடைவெளி குறுகும். உருகிய ஆக்சைடின் மேல் மெல்லிய உலோக அடுக்கு மிதந்தால், வெப்பம் எல்லாம் அந்த வளையத்தில் குவிந்து சுவரைத் தாக்கும். அந்த அடுக்கு எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று சோதனைக்கூடத்தில் சின்ன அளவில் செய்த பரிசோதனைகளை வைத்துத்தான் கணிக்கிறோம். நானே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், வந்த விடையைவிட அதன் பிழை வரம்பைப் பார்த்துத்தான் தூக்கம் போனது.

மையம் நாசமாவது ‘கோடி வருடத்துக்கு ஒரு முறை’தான் என்பது மாதிரியான எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 வரை உலகில் மின்சாரம் தயாரிக்கும் அணு உலைகள் எல்லாம் சேர்ந்து ஓடியது 14,000 உலை ஆண்டுகளுக்குச் சற்று மேல் (ஒரு உலை ஒரு வருடம் ஓடினால் ஒரு உலை ஆண்டு). அதற்குள் பெரிய மின் உலைகளில் த்ரீ மைல் தீவில் ஒன்று, செர்னோபிலில் ஒன்று, ஃபுகுஷிமாவில் மூன்று என 5 மையங்கள் நாசமாயின. கிட்டத்தட்ட 3000 உலை ஆண்டுக்கு ஒன்று. காகிதத்தில் இருக்கும் எண்கள் இதைவிடப் பல மடங்கு நம்பிக்கையானவை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், தனித்தனியாகக் கெடும் என்று நினைத்தவை ஒன்றாகக் கெடுவதிலிருந்து. ஃபுகுஷிமாவில் 13 டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்றுதான் பிழைத்து ஓடியது. காற்றால் குளிரும் இன்னும் இரண்டு ஜெனரேட்டர்கள் நனையக்கூட இல்லை, ஆனால் அவற்றின் சுவிட்ச் பலகைகள் தண்ணீரில் மூழ்கிவிட்டன. பிழைத்த அந்த ஒன்றுதான் 5, 6ஆம் உலைகளைக் காப்பாற்றியது. அதனால் புது வடிவமைப்பு ஒன்றின் எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை, இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துவேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. பழைய உலையில் மாற்றக்கூடியவை இருக்கின்றன. எரிபொருளை எப்படியும் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதால் பூச்சு உறைக் கோல்களை மெல்ல மெல்ல நுழைக்கலாம். மின்சாரமே இல்லாமல் ஹைட்ரஜனை ஆக்ஸிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கும் பிளாட்டினம், பல்லேடியம் பெட்டிகள், வடிகட்டிய பிறகே காற்றை வெளியேற்றும் குழாய்கள் இவற்றைப் பொருத்தலாம், பல நாடுகளில் பொருத்தியும் இருக்கிறார்கள். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஒவ்வொரு உலையிலும் எடுத்துச்செல்லக்கூடிய பம்பும் ஜெனரேட்டரும் வைத்து, கூடுதலாக மெம்ஃபிஸிலும் ஃபீனிக்ஸிலும் பொதுக் கிடங்குகளும் அமைத்தார்கள். பார்க்கக் கவர்ச்சியில்லாத ஏற்பாடு, ஆனால் செலவுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்று பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு. மாற்ற முடியாதது மையத்தின் ஆற்றல் அடர்த்தியும் கலனின் அளவும். கன மீட்டருக்கு 100 மெகாவாட் என்று கட்டிய உலையை 3க்கு இறக்கினால் அது தரும் மின்சாரம் அதன் விளக்குகளுக்கும் பம்புகளுக்குமே சரியாகப் போய்விடும். காணொளியில் காட்டிய உலையின் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். அதன் அடர்த்தி என்ன, எத்தனை மணி நேர அவகாசம் தருகிறது, மின்சாரம் போனால் எந்த வால்வு எப்படி நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.